மக்காச்சோளத்தில் படைப்புழு: விதை நேர்த்தியா, வேம்பா, ஒட்டுண்ணியா, மருந்தா?

அமெரிக்கக் கண்டத்து வெப்ப மண்டலத்தைச் சேர்ந்த படைப்புழு (ஓர் அந்துப்பூச்சியின் புழு) 2016இல் ஆப்பிரிக்காவில் தென்பட்டது. 2018 மே மாதம் கர்நாடகத்தின் சிவமொக்கா வட்டாரத்தில் கண்டறியப்பட்டது. அதே ஆண்டு புரட்டாசிப் பட்டத்தில் பெரம்பலூர், அரியலூர், சேலம், திண்டுக்கல், விருதுநகர் என மக்காச்சோளம் போட்ட காடுகளை எல்லாம் வளைத்துக்கொண்டது. ஆண்டு முடிவதற்குள் இலங்கைக்கும் போய்விட்டது; அங்கே இதைச் ‘சேனா படைப்புழு’ என்கிறார்கள். காற்றோடு ஒரே இரவில் 100 கிலோமீட்டர் கடக்கும் பூச்சிக்கு மாநில எல்லையும் கடலும் பெரிய தடையில்லை.

முதல் ஆண்டு கையில் கிடைத்ததையெல்லாம் அடித்தோம். இன்று நிலைமை வேறு. விதை நேர்த்தி மருந்து, வேம்பு, ஒட்டுண்ணி அட்டை (புழுவின் முட்டையை அழிக்கும் குட்டிக் குளவிகள் பொரிந்து வரும் அட்டை), பூஞ்சாணம், நான்கைந்து வகைப் பூச்சிக்கொல்லி என்று கடை அலமாரி நிறைந்திருக்கிறது. எல்லாவற்றையும் வாங்கினால் விளைச்சலில் பாதி அதற்கே போய்விடும். ஒரு ஏக்கருக்கு எதில் காசு போடுவது, எதை விட்டுவிடுவது என்பதைப் பார்க்கலாம்.

முதலில் புழுவின் கணக்கு

எந்த முறை வெல்லும் என்பதை மருந்தின் விலை முடிவு செய்வதில்லை. புழுவின் வயதும் அது இருக்கும் இடமும்தான் முடிவு செய்கின்றன.

தாய் அந்துப்பூச்சி இலையில் ஒரு குவியலுக்கு 100 முதல் 200 முட்டை வரை இட்டு, தன் உடல் செதில்களால் மூடிவிடும். பார்வைக்கு அழுக்குப் பஞ்சு ஒட்டியதுபோல் இருக்கும். நம் ஊர் வெயிலில் இரண்டு மூன்று நாளில் பொரிந்துவிடும். குஞ்சுப் புழுக்கள் இலையின் பச்சையைச் சுரண்டித் தின்னும்போது இலை வெள்ளைக் காகிதம்போல் தெரியும். பிறகு நூலில் தொங்கி, காற்றில் பக்கத்துச் செடிகளுக்குப் பரவும். இரண்டு மூன்று வாரப் புழுப் பருவத்தில் ஆறு நிலைகள் உண்டு. மூன்றாம் நிலைக்கு மேல் போனதும் குருத்துக்குள் இறங்கிவிடும். ஒன்றையொன்று கடித்துத் தின்பதால் கடைசியில் ஒரு குருத்தில் ஒன்றோ இரண்டோதான் மிஞ்சும். ஆனால் மொத்தத் தீனியில் பெரும்பங்கைத் தின்பது இந்தக் கடைசி இரண்டு நிலைகள்தான். அப்போது குருத்தின் வாயை மரத்தூள் போன்ற எச்சம் அடைத்துக் கிடக்கும். மேலே அடிக்கும் மருந்து உள்ளே இறங்காது. “மூன்று தடவை அடித்தும் சாகவில்லை” என்று கேட்கும் புகார்களில் பெரும்பாலானவை இங்கேதான் பிறக்கின்றன.

புழு அதுதானா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். தலையில் தலைகீழான ஆங்கில ஒய் எழுத்துப் போன்ற வெளிர் கோடும், வாலுக்குச் சற்று முன்னால் சதுரமாக நான்கு கரும்புள்ளிகளும் இருந்தால் படைப்புழு. தண்டுத் துளைப்பானும் குருத்தைக் காய வைக்கும். ஆனால் இலை விரியும்போது வரிசையாகத் துளை தெரிந்தால் அது தண்டுத் துளைப்பானின் வேலை. கிழித்தெறிந்ததுபோல் ஒழுங்கற்ற ஓட்டையும் குருத்தில் ஈரமான எச்சமும் இருந்தால் இது.

செடி முளைத்து முதல் மூன்று வாரம்தான் பெரிய ஆபத்து. அப்போது வளரும் நுனியைத் தின்றுவிட்டால் செடியே போய்விடும். முழங்கால் உயரத்துக்கு மேல் வந்த செடி இலைச் சேதத்தைப் பெருமளவு தாங்கிக்கொள்ளும். சிம்பாப்வேயில் விவசாயிகளின் வயல்களில் நடந்த ஓர் ஆய்வில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து ஏறத்தாழ பாதிவரை செடிகள் தாக்கப்பட்டிருந்தும் விளைச்சல் இழப்பு சுமார் 12 சதவீதம்தான். அங்கும் இங்கும் ரகமும் மழையும் வேறு என்றாலும், கிழிந்த இலையின் கோரத்தை அப்படியே மகசூல் கணக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது இரண்டு இடத்துக்கும் பொருந்தும்.

விதை நேர்த்தி அல்லது முளைத்த பின் தெளிப்பு

இதில் எங்கள் பக்கம் தெளிவு: மருந்துக்கு ஒரே ஒரு செலவுதான் செய்ய முடியும் என்றால் அது விதை நேர்த்தியாக இருக்கட்டும்.

சயான்ட்ரானிலிப்ரோல் 19.8 சதவீதமும் தயாமீதாக்சாம் 19.8 சதவீதமும் சேர்ந்த கலவையை கிலோ விதைக்கு 4 மில்லி என்று சேர்க்க வேண்டும். ஏக்கருக்கு 8 கிலோ விதை என்றால் மொத்தமே 32 மில்லி. புழு விஷயத்தில் முக்கிய வேலையைச் செய்வது சயான்ட்ரானிலிப்ரோல். தயாமீதாக்சாம் சாறு உறிஞ்சும் பூச்சிகளுக்கு. மருந்து செடிக்குள்ளேயே ஏறிவிடுவதால், புழு எந்த இலையைக் கடித்தாலும் மாட்டிக்கொள்ளும். இரண்டு முதல் மூன்று வாரம் பாதுகாப்பு. அதற்குள் செடி பெருத்து, மருந்தின் செறிவு நீர்த்துவிடும். ஆபத்தான நாட்களும் ஏறக்குறைய அத்தோடு தீர்ந்துவிடும்.

தவறு நடக்கும் இடங்கள் மூன்று. கம்பெனி விதை சிவப்பாகவோ நீலமாகவோ சாயம் பூசி வந்தாலே புழுவுக்கும் நேர்த்தி செய்தாயிற்று என்று நினைப்பது முதலாவது. பல பாக்கெட்டுகளில் இருப்பது பூஞ்சாணக் கொல்லி மட்டுமே. பாக்கெட்டின் பின்புறம் மருந்தின் பெயரைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள். இரண்டாவது, மருந்தை விதைமேல் நேராக ஊற்றிக் கிளறுவது. பாதி விதைக்கு இரட்டிப்பாகவும் மீதிக்கு ஒன்றுமில்லாமலும் போகும். சிறிது தண்ணீரில் கலந்து, பாலித்தீன் பையில் விதையோடு போட்டுக் குலுக்கி, நிழலில் உலர்த்த வேண்டும். கையுறை கட்டாயம். மூன்றாவது, மீந்த விதையைக் கோழிக்குப் போடுவது. அது நஞ்சு பூசிய விதை.

விதை நேர்த்தி செய்யாமல் விட்டவர்கள் முளைத்த பத்தாம் நாளிலிருந்தே காட்டைச் சுற்ற வேண்டும். நேர்த்தி செய்தவர்களுக்கும் 15ஆம் நாளிலிருந்து அந்த வேலை உண்டு. காட்டை குறுக்கும் நெடுக்குமாகக் கடந்து ஐந்து இடத்தில் நின்று, இடத்துக்கு 20 செடி பார்த்தால் மொத்தம் 100. சேதமான செடிகளின் எண்ணிக்கையே சதவீதம். வரப்போரம் மட்டும் பார்த்துக் கணக்குப் போட்டால் எப்போதும் தவறும்.

வேம்பு, மணல், கைவிரல்

சேதம் 5 சதவீதத்தைத் தொட்டால் முதல் தெளிப்பு வேம்பு என்பது ஒன்றிய வேளாண் துறையின் பரிந்துரை. வேம்பின் சாரமான அசாடிராக்டின் 1500 பிபிஎம் (பத்து லட்சத்தில் 1500 பங்கு) என்றால் லிட்டருக்கு 5 மில்லி. ஏக்கருக்கு 200 லிட்டர் தண்ணீருக்கு ஒரு லிட்டர் மருந்து. 10,000 பிபிஎம், அதாவது 1 சதவீதம் என்று எழுதியிருந்தால் லிட்டருக்கு 2 மில்லி போதும். 300 பிபிஎம் பாட்டிலும் அதே அலமாரியில், குறைந்த விலையில் நிற்கும். அதை வாங்கி 5 மில்லி கணக்கில் அடித்துவிட்டு ‘வேம்பு வேலை செய்யாது’ என்று சொல்பவர்கள் உண்டு.

வீட்டில் செய்வதானால் 10 கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து இரவு முழுக்க ஊறவைத்து, துணியில் இருமுறை வடிகட்டி, 200 கிராம் காதி சோப்பைக் கரைத்துச் சேர்த்து 200 லிட்டராக்கினால் 5 சதவீதக் கரைசல். அன்றே அடித்துவிட வேண்டும், அதுவும் மாலையில். வெயில் வேம்பின் வீரியத்தைச் சீக்கிரம் குறைத்துவிடும். முட்டையிட வரும் தாய்ப்பூச்சியை விரட்டுவது, குஞ்சுப் புழுவைத் தின்னவிடாமல் செய்வது, தோலுரிப்பைக் குலைப்பது ஆகியவைதான் வேம்பின் வேலை. விரல் நீளப் புழுவுக்கு இதை அடிப்பது வீண்.

ஒன்பது பங்கு மணலுக்கு ஒரு பங்கு சுண்ணாம்பு கலந்து குருத்தில் இடும் முறையும் பரிந்துரையில் இருக்கிறது, முதல் 30 நாளுக்கு. உராய்வும் காரமும் சேர்ந்து புழுவை வருத்தும். செலவு என்று பார்த்தால் ஒன்றுமில்லை போலத் தோன்றும். ஆனால் 60க்கு 25 சென்டிமீட்டர் இடைவெளியில் ஏக்கருக்குச் சுமார் 27,000 செடி. சிட்டிகைக்கு 4 கிராம் என்றாலும் 100 கிலோவுக்கு மேல் மணலை ஒவ்வொரு குருத்தாகக் குனிந்து போட வேண்டும். கூலி ஆள் வைத்துச் செய்தால் விலையுயர்ந்த மருந்தையே மிஞ்சிவிடும். 20, 30 சென்ட் போட்டவர்கள், வீட்டாட்களே வேலை செய்பவர்கள் தாராளமாகச் செய்யலாம். முட்டைக் குவியலைப் பார்த்து நசுக்குவதும் அப்படியே. ஒரு குவியலை நசுக்கினால் நூறு புழு போயிற்று; எந்த மருந்துக்கும் இந்த விகிதம் கிடையாது.

உயிருள்ள ஆயுதங்கள்

இனக்கவர்ச்சிப் பொறியைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறது. அதில் விழுவது ஆண் பூச்சி மட்டுமே. தப்பிய ஓர் ஆண் பல பெண்களோடு சேரும். ஆகவே ஏக்கருக்கு 5 பொறி என்பது வாசல் மணி போல, யார் வந்தது என்று சொல்லும், திருடனைப் பிடிக்காது. ஒரு பொறியில் நாளுக்கு ஒரு பூச்சி விழ ஆரம்பித்தால் முட்டை இடத் தொடங்கிவிட்டது என்று பொருள். பெருந்திரளாகப் பிடிக்க ஏக்கருக்கு 15 பொறி என்று சொல்லப்படுகிறது. தனி ஒருவர் காட்டில் மட்டும் அதைச் செய்வதில் எங்களுக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. ஊரே வைத்தால் பேசலாம். பொறியைப் பயிரின் உச்சி மட்டத்தில் கட்டி, செடி வளர வளர ஏற்ற வேண்டும். பொறிக்குள் வைக்கும் கவர்ச்சி மாத்திரையை மாதம் ஒருமுறையாவது மாற்ற வேண்டும்.

முட்டை ஒட்டுண்ணியில் கேட்டு வாங்க வேண்டிய பெயர்கள் டிரைக்கோகிரம்மா பிரிட்டியோசம், டெலினோமஸ் ரீமஸ். கரும்புக்குக் கட்டும் டிரைக்கோகிரம்மா கைலோனிஸ் அட்டைதான் ஊர்ப்பக்கம் எளிதாகக் கிடைக்கிறது என்பதற்காக அதையே வாங்கிவராதீர்கள். படைப்புழுவின் முட்டை அடுக்கடுக்காக, மேலே செதில் மூடி இருக்கும். டிரைக்கோகிரம்மா குளவிகளுக்குப் பெரும்பாலும் மேலடுக்கு மட்டுமே எட்டும். டெலினோமஸ் அடியடுக்குவரை போய் முட்டையிடும். ஏக்கருக்கு 50,000 என்ற கணக்கில் வாரம் ஒருமுறை, பொறியில் பூச்சி விழத் தொடங்கிய உடனே விட வேண்டும். அட்டையைத் துண்டாக்கி மாலையில் இலையின் அடிப்பக்கம் ஊசியடிக்க வேண்டும். வெயிலில் பொரித்தால் குளவி கருகும், எறும்பு ஏறினால் அட்டையே காலி. முன்னும் பின்னும் ஒரு வாரம் பூச்சிக்கொல்லி கூடாது. எல்லாம் சரியாகச் செய்தாலும், சுற்றிலும் லாம்டா சைஹலோத்ரின் என்ற பூச்சிக்கொல்லி பறக்கும் ஊரில் ஒற்றை ஏக்கரில் விடும் குளவி என்ன செய்துவிடும்? இது பத்து இருபது பேர் சேர்ந்து செய்தால் மட்டுமே காசுக்கு ஈடாகும்.

பச்சைப் பூஞ்சாணமான மெட்டாரைசியம் அனிசோப்ளியே வேறு கதை. லிட்டருக்கு 5 கிராம் வீதம் குருத்தில் இறங்க அடித்தால் புழுவின் தோல் வழியாக உள்ளே போய் நான்கு முதல் ஏழு நாளில் கொல்லும். இதற்கு வேண்டியது ஈரக் காற்று. சித்திரை வெயிலில் இறவைப் பயிருக்கு இதை அடிப்பது வீண் செலவு. ஐப்பசி, கார்த்திகை மழைப் பயிருக்கு இதுவே பல நேரம் மருந்தை விட மேல். அந்த மாதங்களில் மெட்டாரைசியம் ரைலேயி என்ற பூஞ்சாணம் தானாகவே பரவி, புழுக்கள் வெள்ளையாக, பிறகு வெளிர் பச்சைப் பொடி பூத்து, விறைத்து இலையில் ஒட்டியிருப்பதைப் பார்க்கலாம். அப்படிப் பத்துச் செடிக்கு ஒன்று தெரிந்தால் தெளிப்பானை வீட்டிலேயே வைத்துவிட்டு ஒரு வாரம் பொறுங்கள். கனமழையும் குருத்தில் நீரைத் தேக்கிச் சின்னப் புழுக்களை மூழ்கடிக்கும். பூஞ்சாணக் கொல்லி அடித்த டேங்கில் மெட்டாரைசியம் கலந்தால் அது செத்துவிடும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. இருந்தும் அதுதான் அடிக்கடி நடக்கிறது.

பிடி என்னும் பாசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் குர்ஸ்டாகி பாக்டீரியா மருந்து, லிட்டருக்கு 2 கிராம், ஏக்கருக்கு 400 கிராம். புழு தின்றால்தான் வேலை செய்யும். முதல் இரண்டு நிலைக்கு மட்டும், மாலையில் மட்டும். அந்த பாக்டீரியாவின் நச்சுப் புரத மரபணுவைச் சேர்த்த பிடி மக்காச்சோளம் நம் நாட்டில் சாகுபடிக்கு அனுமதிக்கப்படவில்லை. அமெரிக்கக் கண்டத்தில் அதிலும் சில நச்சுப் புரதங்களுக்குப் புழு எதிர்ப்புத் திறன் பெற்றுவிட்டது.

பாட்டில்களுக்குள் ஒப்பீடு

10 முதல் 20 சதவீதம் செடிகள் சேதமாகி, புழு இரண்டாம் மூன்றாம் நிலையில் இருந்தால் ரசாயனத்துக்குப் போகலாம். 200 லிட்டர் தண்ணீர்க் கணக்கில், ஏக்கருக்கு எமாமெக்டின் பென்சோயேட் 5 எஸ்ஜி 80 கிராம், குளோரான்ட்ரானிலிப்ரோல் 18.5 எஸ்சி 80 மில்லி, ஸ்பைனடோரம் 11.7 எஸ்சி 100 மில்லி (எஸ்ஜி குருணை, எஸ்சி திரவம்; முன்னுள்ள எண் மருந்தின் சதவீதம்). 16 லிட்டர் பேட்டரித் தெளிப்பானில் முறையே ஆறரை கிராம், ஆறரை மில்லி, 8 மில்லி என்று வரும்.

எமாமெக்டின் மூன்றில் மலிவு. புழு சில மணி நேரத்தில் தின்பதை நிறுத்தி, சாக இரண்டு மூன்று நாள் எடுக்கும்; மறுநாள் காலை உயிரோடு இருக்கிறதே என்று மறுபடி அடிக்கத் தேவையில்லை. இலைக்குள் சிறிது ஊடுருவும். மேலே தங்கியது வெயிலில் சிதைந்துவிடும். குளோரான்ட்ரானிலிப்ரோல் நீடித்து நிற்கும், நன்மை செய்யும் பூச்சிகளை அவ்வளவாகத் தொடாது. ஸ்பைனடோரம் வேகம், விலையும் அதிகம். ஈரமாக இருக்கும்போது தேனீக்கு ஆகாது. தயாமீதாக்சாமும் லாம்டா சைஹலோத்ரினும் சேர்ந்த கலவையும் பரிந்துரைப் பட்டியலில் உண்டு. ஆனால் புழுவைத் தின்னும் இடுக்கிப் பூச்சி, பொறிவண்டு, குளவி எல்லாவற்றையும் துடைத்துவிடுவதால் எங்கள் பட்டியலில் அது கடைசி.

கடையில் யாரும் சொல்லாத ஒன்று இங்கே இருக்கிறது. விதை நேர்த்தியில் போட்ட சயான்ட்ரானிலிப்ரோலும், குளோரான்ட்ரானிலிப்ரோலும், கடையில் கிடைக்கும் புளூபெண்டியமைடு என்ற மருந்தும் பெயரில் வேறு. புழுவின் உடலில் தாக்கும் இடம் ஒன்றே. விதைக்கும் அதே குழு, முதல் தெளிப்புக்கும் அதே குழு, இரண்டாவதுக்கும் அதே என்று போனால், தப்பிப் பிழைக்கும் புழுக்களை நாமே பொறுக்கி எடுத்து வளர்க்கிறோம். இந்த வெயிலில் மாதத்துக்கு ஒரு தலைமுறை. ஒரே பயிரில் மூன்று தலைமுறை ஓடும். ஆகவே சயான்ட்ரானிலிப்ரோல் நேர்த்தி செய்தவர் முதல் தெளிப்புக்கு எமாமெக்டின் அல்லது ஸ்பைனடோரம் எடுக்க வேண்டும். நேர்த்தி செய்யாதவருக்குக் குளோரான்ட்ரானிலிப்ரோல் நல்ல முதல் தெரிவு. இரண்டு மருந்தை ஒரே டேங்கில் கலப்பது எதையும் தீர்க்காது.

உடுமலை, தேனி, கிருஷ்ணகிரிப் பக்கம் மக்காச்சோளத்துக்கு அடுத்த காட்டில் மல்பெரி இருக்கும். பட்டுப்புழுவும் அந்துப்பூச்சிப் புழுதான். குளோரான்ட்ரானிலிப்ரோல் சாரல் சிறிது பட்ட இலையும் அதற்கு விஷம், பிடியும் அப்படியே. மல்பெரி ஓரத்து வரிசைகளுக்கு மணல் சுண்ணாம்பும் கைப்பொறுக்கும்தான் பாதுகாப்பான வழி. அண்டை வீட்டுக்காரரின் புழு வளர்ப்பு நாட்களைக் கேட்டுக்கொண்டு, காற்றடங்கிய நேரத்தில் மற்ற வரிசைகளுக்கு அடிக்கலாம்.

எதால் அடிப்பது

கைத்தெளிப்பானின் முனையைச் செடியின் உச்சிக்கு நேராகப் பிடித்து ஒவ்வொரு குருத்திலும் இறங்க அடிப்பதுதான் இந்தப் புழுவுக்கு உகந்த முறை. பவர் ஸ்பிரேயரால் ஓடிக்கொண்டே வீசினால் இலை நனையும், குருத்து நனையாது. ட்ரோன் ஏக்கருக்குச் சுமார் 10 லிட்டர் தண்ணீரில் முடித்துவிடும். அதில் லிட்டர்க் கணக்குப் போட்டு 4 கிராம் எமாமெக்டின் கலந்தால் ஏக்கருக்கு 80 கிராம் போக வேண்டிய இடத்தில் 4 கிராம்தான் போகும். ஏக்கருக்கு எவ்வளவு என்பதே கணக்கு. ஆள் உயரம் தாண்டிய பயிருக்கு ட்ரோனுக்கு ஒரு நியாயம் உண்டு. தலைக்கு மேல் தூக்கி அடித்தால் மருந்து முகத்திலும் தோளிலும் வழியும்; 2017இல் மராட்டியத்தின் யவத்மாலில் உயர்ந்த பருத்திக்கு மருந்து அடித்தவர்கள் பலர் நஞ்சேறி இறந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

பெரிய புழு, பூத்த பயிர்

30, 40 நாள் பயிரில் பெரிய புழு எச்சத்துக்குள் பதுங்கிவிட்டால் தெளிப்பை விட நஞ்சுத் தீனி சிறந்தது. 10 கிலோ அரிசித் தவிட்டில் 2 கிலோ வெல்லத்தை 2, 3 லிட்டர் தண்ணீரில் கரைத்துப் பிசைந்து ஒரு நாள் புளிக்க வைத்து, இடுவதற்கு அரை மணி முன்பு 100 கிராம் தயோடிகார்ப் சேர்க்க வேண்டும். இது ஒரு ஏக்கர் அளவு. சேதமான குருத்தில் மட்டும் மாலையில் இட்டால் இரவு மேயும் புழு தின்று சாகும். ஆடு மாடு ஏறும் காடு வைத்திருப்பவர்களும், தழையைத் தீவனமாக அறுப்பவர்களும் இதைத் தொடவே கூடாது. உருண்டையைத் தரையில் சிதறவிட்டால் மயிலும் கோழியும் பொறுக்கும்.

ஆண் பூ வந்த பிறகு ரசாயனம் அடிப்பது பெரும்பாலும் நட்டக் கணக்கு. கதிர் நுனியில் புழு புகுந்திருந்தால் அது உறைக்குள் இருக்கிறது, மருந்து எட்டாது. தானியத்துக்கு விற்பவர் விட்டுவிடலாம். இனிப்புச் சோளம், பேபிகார்ன் போடுபவருக்குக் கதிரில் ஒரு கடி விழுந்தாலும் விலை போய்விடும். அவர்களுக்கு விதை நேர்த்தி, வேம்பு, குருத்துப் பருவத்திலேயே முடித்துவிடும் ஒரு எமாமெக்டின் தெளிப்பு, பூத்த பின் பிடி அல்லது கைப்பொறுக்கு என்ற வரிசை பொருந்தும். மாட்டுத் தீவனத்துக்குப் போடுபவர் விதை நேர்த்தியையும் வேம்பையும் தாண்டாமல் இருப்பதே நல்லது. செலவும் மிஞ்சும், பாலில் மருந்து எச்சம் என்ற கவலையும் இல்லை.

மானாவாரிக் கரிசலில் ஐந்து ஏக்கர் போடுபவருக்கு ஆள் கிடைப்பதுதான் முதல் சிக்கல். அவர் கடைசி உழவில் ஏக்கருக்கு 100 கிலோ வேப்பம் புண்ணாக்கு, விதை நேர்த்தி, ஓரத்தில் தட்டைப்பயறும் சூரியகாந்தியும், இருபதாம் நாள் நூறு செடிக் கணக்கு, தேவைப்பட்டால் ஒரே தெளிப்பு என்று நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் ஊரில் எல்லோரும் விதைத்துப் பதினைந்து இருபது நாள் கழித்து இவர் தனியாக விதைத்தால் கணக்கெல்லாம் மாறும். முதலில் விதைத்த காடுகளில் வளர்ந்த பூச்சி முழுதும் இளம் பயிரைத் தேடி இவர் காட்டுக்கே வரும். அப்படி மழை பிந்தி விதைப்பும் பிந்திய ஆண்டில் அந்த ஐந்து ஏக்கரில் உளுந்தோ கொண்டைக்கடலையோ போட்டுவிடலாம். வெள்ளைச்சோளத்துக்கு மாறினால் இந்தப் புழு அங்கேயும் வரும்.